திரித்துவம் புரியலைன்னா இரட்சிப்பு இல்லையா?

"திரித்துவத்தை சரியா விசுவாசிக்காதவன் பரலோகம் போவானா" – பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணு பேரும் ஒரே தேவன்ங்கறதுதான் திரித்துவம் – இந்தக் கேள்வியை எங்க எடுத்தாலும் சண்டைதான். ஒருத்தர் "உபதேசம் தப்புன்னா எல்லாமே தப்பு"ம்பார், இன்னொருத்தர் "உபதேசமெல்லாம் எதுக்கு பிரதர், இயேசுவை நேசிச்சா போதாதா"ம்பார். எனக்கு ரெண்டு பதிலுமே பத்தல, ரெண்டாவது இன்னும் கொஞ்சம் கூடுதலாவே பத்தல.

முதல் ஆள் கையில இருக்கிற பெரிய ஆயுதம் அத்தனாசியஸ் விசுவாசப்பிரமாணம், அதாவது நாலாம் நூற்றாண்டு பிஷப் அத்தனாசியஸ் பேர்ல இருக்கிற விசுவாச அறிக்கை. பேர்தான் அவரோடது, எழுதினது அவர் இல்ல. அவர் 373-லயே இறந்துட்டார், இது அதுக்கப்புறம் லத்தீன்ல வந்தது. இரட்சிக்கப்பட விரும்புறவன் எல்லாத்துக்கும் முதல்ல இந்த விசுவாசத்தைப் பிடிச்சுக்கணும், இதை முழுசா, பழுதில்லாம காத்துக்கலைன்னா சந்தேகமே இல்லாம நித்தியத்துக்கும் கெட்டுப்போவான்னு ஆரம்பத்துலயே போட்டுத் தாக்கிட்டு, அப்புறம் பிதா குமாரன் பரிசுத்த ஆவி, ஒரே தேவன், மூணு தேவர்கள் இல்லன்னு வரிவரியா போகும். அந்த உள்ளடக்கத்துல எனக்கு சண்டையே இல்ல, நான் அப்படித்தான் விசுவாசிக்கிறேன். அந்த மிரட்டல்தான் நெருடும். எனக்கு மட்டும் இல்ல, அமெரிக்க ஆங்கிலிக்கன்காரங்க 1789-ல தங்களுக்குன்னு ஜெபப்புத்தகம் போட்டப்போ இந்தப் பிரமாணத்தையே தூக்கிட்டாங்க.

சரி, அந்த வரியை அப்படியே எடுத்துக்கிட்டா இயேசு பக்கத்துல சிலுவையில தொங்கின அந்தக் கள்ளனை என்ன பண்றது? எல்லாரும் சொல்ற உதாரணம்தான், ஆனா வேகவேகமா சொல்லிட்டுப் போயிடறோம்னு தோணுது. லூக்கா 23-ஐ கொஞ்சம் நிதானமா படிங்க. அவனுக்கு திரித்துவம் தெரியாது, உயிர்த்தெழுதல் இன்னும் நடக்கவே இல்ல, ஞானஸ்நானமும் இல்ல, ஆனாலும் இன்னைக்கே நீ என்னோட பரதீசில இருப்பேன்னு இயேசு அவன்கிட்ட சொல்லிட்டார். ஆனா அவனுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னும் சொல்ல முடியாது. நமக்குக் கிடைச்சது நியாயமான தண்டனை, இவர் தப்பு ஒண்ணும் பண்ணலைன்னு இன்னொரு கள்ளன்கிட்ட சொல்றான். அதைவிடப் பெரிய விஷயம், தன் பக்கத்துலயே ஆணியடிச்சு செத்துக்கிட்டு இருக்கிற ஒருத்தரைப் பாத்து, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது என்னை நினைச்சுக்கோங்கன்னு கேக்கறான். சாகப்போற மனுஷனுக்கு ஏது ராஜ்யம்? இவர் சாவோட முடிஞ்சு போற ஆள் இல்ல, செத்தப்புறமும் எனக்கு ஏதாவது செய்ய முடியும்னு நம்பினாதான் அப்படிக் கேக்க முடியும். அந்த ஒரு வாக்கியத்துக்குள்ள எவ்வளவு உபதேசம் இருக்கு பாருங்க, அவனுக்கே தெரியாம.

இங்கதான் ரெண்டாவது ஆள்கிட்ட எனக்குப் பிரச்சனை. இயேசுவை நேசிச்சா போதும்னா, எந்த இயேசுவை? நாலாம் நூற்றாண்டுல ஆரியுஸ்ங்கற போதகரும் இயேசுவை நேசிச்சவர்தான், குமாரனை எல்லா சிருஷ்டிக்கும் மேல வச்சவர்தான், ஆனா குமாரனும் சிருஷ்டிக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு நேரம் இருந்ததுன்னார். 325-ல நிசேயாங்கற ஊர்ல கூடின சபைத் தலைவர்கள் இதை மறுத்தது வெறும் தத்துவ விளையாட்டுக்காக இல்ல. அத்தனாசியஸ் அப்புறம் வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப கேட்டது இதைத்தான்: சிருஷ்டிக்கப்பட்ட ஒருத்தர் இன்னொரு சிருஷ்டியை எப்படி தேவனோட சேர்க்க முடியும்? அவரே தேவன் இல்லைன்னா நம்மளை சாவுல இருந்து தூக்குறது யாரு, அவரை நாம கும்பிடறது விக்கிரகாராதனை இல்லாம வேற என்ன? இதுக்காக மனுஷன் அஞ்சு தடவை நாடுகடத்தப்பட்டார். ஆக, தேவன் யாருங்கறதும் இரட்சிப்பு எப்படி நடக்குதுங்கறதும் ஒரே கேள்விதான், தனித்தனியா பிரிக்கப் பாத்தா ரெண்டுமே போயிடும்.

ஆனா கவனிங்க, அத்தனாசியஸோட வாதம் "இயேசு தேவனா இருக்கறதால நாம இரட்சிக்கப்படறோம்"ங்கறது. "அவர் தேவன்னு நான் சரியா விளக்கறதால இரட்சிக்கப்படறேன்"ங்கறது வேற. நம்மாளுங்க இதைத்தான் போட்டுக் குழப்பிக்கறாங்க. மயக்கத்துல இருக்கிற நோயாளிக்கு மருந்து வேலை செய்யும், மருந்தோட பேர்கூட அவனுக்குத் தெரிய வேண்டியதில்ல, அதுக்காக எதை ஊத்தினாலும் சரியாகிடும்னு டாக்டர் நினைச்சா நோயாளி செத்தான். சரியான அறிவு மட்டும் இரட்சிக்கும்னா பிசாசுங்க முதல்ல போகணும், யாக்கோபு 2:19-லயே இருக்கு, அதுங்க விசுவாசிச்சு நடுங்குதுங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அப்போஸ்தலர் 18. அப்பொல்லோ வேதாகமத்துல வல்லவன், இயேசுவைப் பத்தி ஆர்வமா போதிக்கறான், ஆனா அவனுக்கு யோவான் ஸ்நானகனோட ஞானஸ்நானம் வரைக்கும்தான் தெரியும். பிரிஸ்கில்லாவும் ஆக்கில்லாவும் கேட்டுட்டு என்ன பண்ணாங்க? சபை நடுவுல எழுந்து "கள்ளப்போதகன்"னு கத்தல. அவனைச் சேத்துக்கிட்டு இன்னும் திட்டமா விளக்கிச் சொன்னாங்க. அவன் சொன்னது பத்தலைங்கறதை மறைக்கவும் இல்ல, இவன் வெளியாள்னு தள்ளவும் இல்ல. இன்னைக்கு வீடியோ போட்டு ஒருத்தரை ஒருத்தர் நரகத்துக்கு அனுப்பிட்டு இருக்கறவங்க இந்த அதிகாரத்தை எப்ப படிப்பாங்களோ.

அப்ப யோவான் 8:24? நானே அவர்னு விசுவாசிக்கலைன்னா உங்க பாவங்கள்லயே சாவீங்கன்னு இயேசுவே சொல்றாரே. சொல்றார், அதை இளக்கிச் சொல்ல நான் தயாரா இல்ல. ஆனா யார்கிட்ட சொல்றார்னு பாருங்க, நேருக்கு நேர் நின்னு கேட்டுட்டு வேண்டாம்னவங்ககிட்ட, அந்த அதிகாரம் முடியறப்போ கல்லெடுத்தவங்ககிட்ட. தெரியாம இருக்கறதும், அரைகுறையா தெரிஞ்சுக்கிட்டு ஒட்டிக்கிட்டு இருக்கறதும், முழுசா தெரிஞ்சு தள்ளிவிடறதும் ஒண்ணா? அடுத்த அதிகாரத்துலயே பிறவிக்குருடன் வர்றான், முதல்ல இயேசுவை "தீர்க்கதரிசி"ங்கறான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும், ஆனா கடைசியில அவர் முன்னாடி பணிஞ்சுட்டான்.

இன்னொண்ணு, நாம "தப்பான உபதேசம்"னு முத்திரை குத்தினது எல்லாமே தப்பாவும் இருந்ததில்ல. 451-ல கல்கெதோன்ல கூடின சபைத் தலைவர்கள் கிறிஸ்துவோட தன்மை பத்தி எடுத்த முடிவால எகிப்து சபை பிரிஞ்சுபோச்சு, ரெண்டு பக்கமும் நூற்றாண்டுக்கணக்கா ஒருத்தரை ஒருத்தர் சபிச்சாங்க. 1973-ல ரோம சபையோட போப் ஆறாம் பவுலும் அந்த எகிப்து சபையோட (காப்டிக் சபை) போப் மூன்றாம் ஷெனூடாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட அறிக்கையில, கிறிஸ்து முழு தேவன், முழு மனுஷன்னு ஒண்ணாவே அறிக்கை பண்ணாங்க. அப்ப நடுவுல அத்தனை வருஷம் செத்துப்போன விசுவாசிங்க எல்லாம் எந்தக் கணக்கு?

எனக்கு உண்மையிலேயே கஷ்டமான கேஸ், பழைய ஐரோப்பாவுல இருந்த ஜெர்மானிய இனமான காத் ஜனங்கதான். அவங்களுக்கு சுவிசேஷம் ஆரியுஸோட உபதேசத்தோடயே போய்ச் சேந்தது, உல்பிலாஸ்ங்கற பிஷப் வேதத்தை அவங்க பாஷைக்கே மொழிபெயர்த்துக் கொடுத்தார், ஸ்பெயின்ல இருந்த காத் ராஜ்யம் நிசேயா விசுவாசத்துக்கு வந்தது 589-லதான். நடுவுல தலைமுறை தலைமுறையா கேட்டது ஆரியுஸ் வழி பிரசங்கம்தான். அந்தத் தாய்மாருங்க சாகறப்போ இயேசுவேன்னு கூப்பிட்டிருந்தா, அவர் "உன் உபதேசம் சரியில்ல"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டிருப்பார்னு என்னால நம்ப முடியல. அதே சமயம் நாளைக்கு ஒரு புது விசுவாசிக்கு நான் சொல்லிக்கொடுக்கணும்னா நிசேயாவைத்தான் சொல்லிக்கொடுப்பேன், ஒரு வரி விடாம.