மீன்தொட்டியின் அடிக்கண்ணாடித் துளைகளை அடைத்த அனுபவம்

கொளத்தூரில் பழைய பொருளாக வாங்கிய இந்த நான்கடித் தொட்டியில் முன்பு கடல்மீன் வளர்த்திருக்கிறார்கள். சம்ப்புக்குத் (கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டிக்கு) தண்ணீர் இறங்குவதற்கும் மோட்டாரிலிருந்து ஏறுவதற்குமாக, அடிக்கண்ணாடியின் பின்மூலைகள் இரண்டிலும் 45 மி.மீ. விட்டத்தில் துளையிட்டிருந்தார்கள். இதை நன்னீர்ச் செடித்தொட்டியாக்கி கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) வைக்கப்போகும் எனக்கு அந்தத் துளைகள் வேண்டாதவை. பல்க்ஹெட் (துளையில் குழாய் பொருத்த உதவும் திருகு இணைப்பு) பொருத்தி மூடி திருகுவது எளிய வழிதான் என்றாலும், ரப்பர் வாஷரை நம்பி 240 லிட்டர் தண்ணீரைக் கூடத்தில் நிறுத்த மனம் ஒப்பவில்லை.

அதனால் துளைகளின் மேல் கண்ணாடித் துண்டுகளை சிலிக்கான் பசையால் ஒட்டி அடைக்கத் தீர்மானித்தேன். இந்த ஒட்டுக்கண்ணாடியை உட்புறத்தில்தான் ஒட்ட வேண்டும். அப்போது தண்ணீரின் அழுத்தமே அதை அடிக்கண்ணாடியோடு சேர்த்து அமுக்கும், வெளியே ஒட்டினால் அதே அழுத்தம் பிய்த்துத் தள்ளப் பார்க்கும். 45 செ.மீ. ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 45 கிராம் என்றால், ஒரு துளையின் மேல் விழும் பாரம் முக்கால் கிலோவைக்கூட எட்டாது. ஆகவே கண்ணாடி தாங்குமா என்பதைவிட சிலிக்கான் பிடிக்குமா என்பதே கவனிக்க வேண்டியது. துளையின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 5 செ.மீ. படியும்படி, 14.5 செ.மீ. சதுரத்தில் 6 மி.மீ. கண்ணாடி இரண்டை வெட்டி, ஓரத்தை மழுக்கி வாங்கினேன்.

காய்ந்த சிலிக்கானின் மேல் புது சிலிக்கான் ஒட்டாது என்பதால், பழைய பிசிரை பிளேடால் சுரண்டி, அசிட்டோன் நனைத்த துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைப்பதற்கே அதிக நேரம் பிடித்தது. குளியலறைக்கென விற்கும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த சிலிக்கான் மீனுக்கு ஆகாது. வினிகர் வாடை வீசும், மருந்து கலக்காத, மீன்தொட்டிக்குரிய வகையையே, அதுவும் கறுப்பு நிறத்தில், எடுத்தேன். ஒட்டுக்கண்ணாடியின் ஒரு விளிம்பை முதலில் ஊன்றி மெதுவாகச் சாய்த்து இறக்கினால் காற்று முன்னே தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. மேலிருந்து பார்க்கும்போது பிடித்த இடம் பளபளவென்று கறுப்பாகவும், காற்று சிக்கிய இடம் சாம்பல் புள்ளியாகவும் தெரிந்தது. புள்ளிகள் மறையும்வரை விரலால் அழுத்தினேன், ஆனால் சிலிக்கான் முழுவதும் பிதுங்கிவிடாதபடி ஒரு மில்லிமீட்டர் படலமாவது தங்க வேண்டும்.

பொறுமை தேவைப்படுவது இதற்குப் பிறகுதான். சிலிக்கான் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது, அதுவும் 24 மணி நேரத்துக்கு 2 அல்லது 3 மி.மீ. அளவே ஓரத்திலிருந்து உள்ளே நகர்கிறது. 5 செ.மீ. அகலப் பட்டை இரு பக்கத்திலிருந்தும் இறுகி நடுவில் சேர இரண்டு வாரம் விடுவதே முறை. அதுவரை துளையைக் கீழிருந்து டேப்பால் மூடிவிடக் கூடாது, உட்பக்க ஓரத்துக்குக் காற்று போகும் வழி அது ஒன்றுதான்.

வாடை முற்றிலும் போன பின் தண்ணீரை 15, 30, 45 செ.மீ. எனப் படிப்படியாக ஏற்றி, குழாய்க்காக ஸ்டாண்டில் விட்டிருந்த திறப்பு வழியாகத் துளைக்குள் டிஷ்யூ தாளைச் செருகி வைத்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் தாள் காய்ந்தே வந்தது. மண்ணும் சரளையும் பரப்பினால் கறுப்புச் சதுரங்கள் கண்ணில் படாது. அடுத்து ஃபில்டர் குழாய்களை இணைக்க வேண்டும்.