புதுக் கார்டு வந்தால் எந்தக் கார்டு வெளியே போகும்?

போக்கிமான் கார்டு விளையாட்டில் புது செட் (புதுக் கார்டுகளின் தொகுப்பு) வெளியானதும் கோத்தகிரியில் எங்களோடு விளையாடும் பள்ளிப் பிள்ளைகள் போனில் படத்தைக் காட்டி, "அண்ணா, இது நல்ல கார்டா?" என்று கேட்பார்கள். "உன் டெக்கில் எதை எடுத்துட்டு இதை வைப்பே?" என்று நான் திருப்பிக் கேட்பேன். டெக் என்பது ஆட நாம் கொண்டுவரும் கார்டுக் கட்டு, போக்கிமானில் சரியாக 60 கார்டுகள். புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போயே ஆக வேண்டும். வெளியே போவதைவிட உள்ளே வருவது என் டெக்குக்கு அதிகம் உதவுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நான் அதை எப்படிப் பார்க்கிறேன் என்பதை சாரிசார்ட் இஎக்ஸ் என்ற போக்கிமானை மையமாகக் கொண்ட, எனக்குப் பிடித்த டெக்கை வைத்தே சொல்கிறேன்.

புது செட்டைத் திறப்பதற்கு முன்பே ஒரு நோட்டில், நம் டெக் எங்கே தோற்கிறது என்று எழுதி வைத்துவிடுங்கள். 2023 ஆகஸ்டில் அப்சிடியன் ஃப்ளேம்ஸ் செட்டில் வந்த சாரிசார்ட் இஎக்ஸின் தாக்குதல் 180. ஆட்டத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தன் டெக்கிலிருந்து 6 கார்டைப் பிரைஸாகத் தனியே வைப்பார்; எதிரிப் போக்கிமானை வீழ்த்தும்போது அதிலிருந்து எடுப்பார், ஆறையும் முதலில் எடுத்தால் வெற்றி. எதிராளி எடுத்த ஒவ்வொரு பிரைஸ் கார்டுக்கும் 30 கூடும். ஆட்டத்தின் பின்பாதியில் இது பயங்கரமான அடி. ஆனால் எதிராளி இன்னும் ஒரு பிரைஸும் எடுக்காத நேரத்தில் வெறும் 180தான். ரேஜிங் போல்ட் இஎக்ஸுக்கு எச்பி (விழும்வரை தாங்கும் சேதம்) 240, எதிரே இன்னொரு சாரிசார்ட் இஎக்ஸ் நின்றால் 330. ஒரே அடியில் இரண்டும் சாயாது. என் நோட்டில் முதல் வரியாக இருந்தது இந்தக் குறைதான்.

அப்புறம் 2024 ஆகஸ்டில் ஷ்ரவுடட் ஃபேபிள் செட் வந்தது. அதில் டஸ்க்நுவார் என்ற கார்டு. எதிராளியின் ஏதாவது ஒரு போக்கிமான் மேல் 130 சேதம் வைக்கலாம். வைத்தால் டஸ்க்நுவார் தானே விழுந்துவிடும், எதிராளிக்கு ஒரு பிரைஸ் போகும். டஸ்க்நுவாராக வளர்வதற்கு முந்தைய படியான டஸ்க்ளாப்ஸும் அப்படித்தான், சேதம் மட்டும் 50. படித்த உடனே "சும்மா ஒரு பிரைஸ் கொடுப்பதா?" என்றுதான் யாருக்கும் தோன்றும். சாரிசார்ட் டெக்கில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 130 வைத்தாயிற்று. எதிராளி ஒரு பிரைஸ் எடுத்ததால் சாரிசார்ட்டின் அடி 210. மொத்தம் 340. 330 எச்பி சாரிசார்ட்டே ஒரே முறையில் போய்விடும். ரேஜிங் போல்ட்டுக்கு டஸ்க்ளாப்ஸே போதும்: 50 கூட்டல் 210, மொத்தம் 260.

கொடுக்கிற பிரைஸின் விலையையும் பார்க்க வேண்டும். எதிராளிக்குத் தேவை 6 பிரைஸ். ஒரு சாரிசார்ட் இஎக்ஸ் விழுந்தால் 2 போகும், ஆகவே மூன்றை வீழ்த்த வேண்டும். நாம் ஒன்றைக் கொடுத்தபின் இரண்டு சாரிசார்ட் விழுந்தாலும் 5தான் ஆகிறது. இன்னும் ஒன்றை வீழ்த்தியே ஆக வேண்டும். அதாவது முதல் தடவை ஏறக்குறைய இலவசம். அதே வேலையை இரண்டாவது முறை செய்தால் இரண்டு சாரிசார்ட்டோடு ஆட்டம் முடிந்துவிடும். எந்தக் கார்டையும் இந்த அளவுக்கு இழுத்துப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள் என்று நான் கெஞ்சியே கேட்பேன்.

சரி, இடம் எங்கே? முதல் படியான டஸ்கல் இரண்டு, ஒரு டஸ்க்ளாப்ஸ், ஒரு டஸ்க்நுவார் என்றாலே நான்கு இடம் போயிற்று. போக்கிமான்கள் காத்திருக்கும் பெஞ்சில் உள்ள ஐந்து இடங்களில் ஒன்றையும் டஸ்கல் பிடித்துக்கொள்ளும். நடுப் படியைத் தாண்டிக் கடைசிப் படிக்கே போக விடும் கார்டு ரேர் கேண்டி. சாரிசார்ட்டும் துணைப் போக்கிமானான பிட்ஜியட் இஎக்ஸும் பங்கிட்டுக்கொள்ளும் அதற்கு மூன்றாவது போட்டியாளராக டஸ்க்நுவார் வருகிறார். அதனால் ரேர் கேண்டியைக் குறைத்து இடம் தேடவே கூடாது. ஆடும்போதெல்லாம் கையில் வந்தும் பயன்படாமல் கிடந்த கார்டை நோட்டில் குறித்து வாருங்கள். இடம் காலியாக வேண்டியது அங்கேதான்.

நான்கு பிரதி வைத்த கார்டு, தொடக்கத்தில் எடுக்கும் 7 கார்டுகளில் ஒன்றாவது வர 40 சதவீதம் வாய்ப்பு. ஒரே பிரதி என்றால் 12 சதவீதம்கூட இல்லை. ஆனால் பிட்ஜியட் இஎக்ஸ் ஒவ்வொரு முறையும் டெக்கிலிருந்து விரும்பிய ஒரு கார்டை எடுத்துத் தரும். ஆகவே இந்த டெக்கில் ஒற்றைப் பிரதிக்கும் மதிப்பு உண்டு. அது பிரைஸில் மாட்டிக்கொள்ள 10 சதவீதம் வாய்ப்பு இருப்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

கார்டின் எழுத்தை ஒவ்வொரு சொல்லாகப் படிப்பது அடுத்தது. அதே செட்டில் வந்த ஃபெசாண்டிபிட்டி இஎக்ஸ் மூன்று கார்டு எடுக்கத் தரும். ஆனால் எதிராளியின் முந்தைய முறையில் நம் போக்கிமான் ஒன்று விழுந்திருக்க வேண்டும். டஸ்க்நுவார் விழுவது நம் முறையில். ஆக இரண்டும் நேரடியாக இணையாது. ஒரே செட், ஒரே டெக் என்பதால் சேரும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒற்றைப் பிரதியாக ஃபெசாண்டிபிட்டி நல்ல கார்டுதான். கார்டு ஸ்டாண்டர்ட் என்ற போட்டி வகையில் செல்லுமா என்பதை அதன் மூலையில் இருக்கும் எழுத்து காட்டும். 2025 ஏப்ரலில் எஃப் எழுத்துள்ள கார்டுகள் ஸ்டாண்டர்டிலிருந்து போனபோது, கார்டு எடுக்க உதவிய ரோட்டம் வி, ஃபாரஸ்ட் சீல் ஸ்டோன் இரண்டின் இடமும் காலியானது. அதற்கு முன் ரோட்டத்தோடு போட்டி போட்ட ஃபெசாண்டிபிட்டிக்கு அதன்பின் அந்தப் போட்டி இல்லை. அந்த எழுத்தைப் பார்க்காமல் காசு செலவழிக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் தாளில் பெயரும் விவரமும் எழுதி, பழைய கார்டு மேல் வைத்து ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறையில்) போட்டு ஆடிப் பாருங்கள். போட்டியில் இது செல்லாது, பயிற்சிக்குப் போதும். பழைய டெக்கையும் புதியதையும் ஒரே எதிர் டெக்கோடு மாற்றி மாற்றி ஆட வேண்டும், இல்லாவிட்டால் எது உதவியது என்றே தெரியாது. பக்கத்தில் ஆள் இல்லாதவர்களுக்கு போனிலேயே இந்த விளையாட்டை ஆடும் டிசிஜி லைவ் ஆப் இருக்கிறது. கூடலூரில் இருக்கும் நண்பனோடு நான் அதில்தான் ஆடுகிறேன்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. டஸ்க்நுவார் போன்ற ரேர் கார்டுகள் மினுங்கும் ஃபாயில் அச்சிலேயே வரும். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தில் ஃபாயில் கார்டு வளைந்துவிடும். பின்பக்கம் பார்த்தே அடையாளம் தெரியும் அளவுக்கு வளைந்திருந்தால் நடுவர் அதைக் குறியிட்ட கார்டாகக் கருதலாம். டஸ்கல் மாதிரி சாதா அச்சிலும் கிடைப்பதைச் சாதாவாகவே வாங்குங்கள். மற்றவற்றை ஸ்லீவில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான பெட்டியில் வையுங்கள். கோயம்புத்தூருக்குப் போட்டிக்குப் போகிறீர்கள் என்றால், மேட்டுப்பாளையம் பஸ் ஏறுவதற்கு முந்தின இரவே 60 கார்டையும் அடுக்கி, கண் மட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். எந்தக் கார்டு தூக்கி நிற்கிறதோ அதற்கு மாற்று தேட அப்போது நேரம் இருக்கும்.