மோர்பின் கலங்களைக் கொல்கிறதா?

கடும் வலிக்குக் கொடுக்கும் மோர்பின், உடலின் கலங்களை (செல்களை) தற்கொலை செய்ய வைக்கும் என்று வட்ஸ்அப்பில் ஓடித்திரியும் செய்தி முழுப் பொய் அல்ல. அதனாலேயே பதில் எழுத வேண்டியிருக்கிறது. வெள்ளவத்தையில் மருந்தாளராக இருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் புற்றுநோயாளியைப் பராமரிப்பவர்கள்.

கலம் தன்னைத்தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்வதற்கு கெர், வைலி, கரி ஆகிய மூவரும் 1972இல் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். கலம் சுருங்கும், கரு துண்டாகும், மென்சவ்வு கொப்புளம் கொப்புளமாகப் பிதுங்கும், சிதறியவற்றை அயலில் உள்ள கலங்கள் விழுங்கிவிடும். ஒட்சிசன் கிடைக்காமல் தவிக்கும் கலத்தில் சக்தியை உருவாக்கும் இழைமணியிலிருந்து சைற்றோகுரோம் சி என்ற புரதம் கசிந்தால், கலத்தை உள்ளிருந்து வெட்டிக் கலைக்கும் கஸ்பேஸ் நொதியங்கள் வேலையைத் தொடங்கக்கூடும்.

இதில் ஓபியோயிட்டுகள், அதாவது மோர்பினும் அதைப்போல வேலை செய்யும் பொருள்களும், எந்தப் பக்கம்? 1999இல் வெளியான ஓர் ஆய்வில், மோர்பின் பட்ட நிணநீர்க் குழியங்களில் (ஒருவகை வெண்குருதிக் கலங்கள்) ஃபாஸ் என்ற மரண வாங்கி, அதாவது சாகச் சொல்லும் சமிக்ஞையை ஏற்கும் புரதம், அதிகரித்தது. செய்தியை அனுப்புகிறவர்கள் இதோடு நின்றுவிடுகிறார்கள். என்னை உலுக்கியது அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஆய்வு. சுண்டெலிகளை அசையவிடாமல் மணிக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். அவற்றின் நிணநீர்க் குழியங்கள் மடிந்து குறைந்தன. ஓபியோயிட் வாங்கிகளை அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது அந்த இழப்பு தடுக்கப்பட்டது. அந்த எலிகளுக்கு யாரும் மோர்பின் கொடுக்கவில்லை! நெருக்கடியில் உடல் தானே சுரந்த ஓபியோயிட்டுகள்தான் அங்கே வேலை செய்திருக்கின்றன. இரவு முழுவதும் வலியில் துடிப்பதும் உடலுக்கு நெருக்கடிதானே?

இதயத்தில் கதை தலைகீழ். எலியின் இதயத்துக்குக் குருதி போவதை நிறுத்துவதற்கு முன் மோர்பின் கொடுத்தால், இறந்துபோகும் தசையின் அளவு குறைகிறது. ஓபியோயிட் வாங்கிகளில் ஒருவகையான டெல்ரா வாங்கிகள் வழியாக, கலத்தை உயிரோடு வைத்திருக்கும் சமிக்ஞைகள் தூண்டப்படுகின்றன. ஓபியோயிட் வாங்கிகளை அடைக்கும் நலோக்சோன் என்ற மருந்தைக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. எந்தக் கலம், எந்த வாங்கி, எவ்வளவு மருந்து, எவ்வளவு நேரம் என்று கேட்காமல் கொல்லும் என்றோ காக்கும் என்றோ சொல்வது அநியாயம். ஆய்வுகூடத் தட்டில் ஊற்றப்படும் செறிவு, பல வேளைகளில் நோயாளியின் குருதியில் இருப்பதைவிட மிக அதிகம்.

என் மச்சாள் அந்தச் செய்தியை நம்பி, மாமாவின் மாத்திரையை மரக்கறிக் கத்தியால் நறுக்கிக்கொண்டிருந்தார். தட்டின் விளிம்பெல்லாம் தூள். "பாதி கொடுத்தால் பாதிக் கலமாவது மிஞ்சும்தானே?" என்றார். மாமாவோ இடுப்பெலும்பு வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது 12 மணிநேரம் சிறிது சிறிதாக மருந்தை விடும் மாத்திரை. வெட்டினாலோ நசுக்கினாலோ மருந்து ஒரேயடியாக வெளியேறக்கூடும்; மூச்சு மந்தமாகும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மாத்திரையை முழுதாக, நேரம் தவறாமல் கொடுங்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. மலச்சிக்கலையும் தூக்கக் கலக்கத்தையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மலச்சிக்கலுக்கு மோர்பினோடு சேர்த்தே மருந்து தருவார்கள்.