பார்த்துச் செய்ய வராத கை

"இங்க பாரு, அம்மா எப்படிப் போடுறேன்னு பாரு." என் மகனுக்குச் சட்டைப் பட்டன் போடக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். இரண்டு வருடம் இதையே சொன்னேன். அவன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போட்டுக் காட்டினேன். கண்ணாடி முன்னால் நிறுத்திக் காட்டினேன். செல்போனில் வீடியோ எடுத்தும் காட்டினேன். நன்றாகத்தான் பார்ப்பான். ஆனால் சட்டையில் கை வைத்ததும் விரல்கள் எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிடும்.

நாலு வயதில் அவனுக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். இப்போது எட்டு முடியப்போகிறது. அந்த ஃபைலில் பேச்சு, பழகும் விதம், சத்தம் கேட்டால் காதைப் பொத்துவது எல்லாம் இருந்தது. பட்டன், படிக்கட்டு, பென்சில் பற்றி ஒரு வரி இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட வரையறையில், புலன் உணர்வு கூடுவதும் குறைவதும் ஆட்டிசத்தின் அடையாளமாகச் சேர்ந்தது. உடல் தடுமாற்றம் அந்த அடையாளங்களில் ஒன்றாக இல்லை. ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரிடம் அது இருக்கிறது. ஃபைலில் இல்லாததால் பள்ளியில் அவனுக்குச் 'சோம்பேறி' என்று பெயர் வந்தது. டிரில்லில் எல்லோரும் கையைத் தூக்கும்போது இவன் மட்டும் தொங்கப்போட்டு நின்றானாம். அன்று சாயங்காலம் நானும் அவனைத் திட்டினேன். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

மதுரை அண்ணா நகர் பக்கம் ஓ.டி., அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை, பார்க்கும் ஒரு அம்மாவிடம் கூட்டிப்போனோம். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். பிறகு தன் கைகளை ஒரு மாதிரி மடித்து, அதேபோல் செய்யச் சொன்னார். அவனால் முடியவில்லை. அடுத்து அவர் செய்ததைத்தான் நான் மறக்க மாட்டேன். "உன் கையைப் பிடிச்சுக்கட்டுமா?" என்று அவனிடம் கேட்டார். அவன் கையை நீட்டிய பிறகு, மெதுவாக மடித்து அதே நிலையில் வைத்து, விட்டுவிட்டார். "இப்ப நீயே செய்." செய்துவிட்டான்! கண்ணால் பார்த்து வராதது, கை உணர்ந்ததும் வந்தது.

தசையிலும் தசைநாரிலும் மூட்டிலும் உணர்விகள் இருக்கின்றன, கை கால் எங்கே இருக்கிறது என்று அவைதான் மூளைக்குச் சொல்கின்றன என்று விளக்கினார். கரண்ட் போனாலும் சோறு வாய்க்குத்தான் போகிறது, மூக்குக்குப் போவதில்லை, அதற்குக் காரணம் இதுதான் என்றார். இங்கிலாந்தைச் சேர்ந்த இயான் வாட்டர்மேன் என்பவர் 1971-ல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே இந்த உணர்வை முழுக்க இழந்தார். தசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் எழுந்து நிற்க முடியவில்லை. ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் மறுபடி நடக்கக் கற்றார்.

என் பிள்ளை அவருக்கு நேர் எதிர் போலிருந்தது. 2009-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் குழந்தைகளின் கையில் ஒரு இயந்திரப் பிடியைக் கொடுத்து, புது அசைவு ஒன்றைப் பழக்கிப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் கண் சொல்வதைவிடத் தங்கள் உடல் சொல்வதையே அதிகம் நம்பிக் கற்றார்கள். இப்படிக் கற்பவனிடம் இரண்டு வருடமாக "பாரு, பாரு" என்று சொல்லியிருக்கிறேன்.

உடல் சொல்வதை நம்புகிறான் என்றால் அது துல்லியமாகச் சொல்கிறது என்று அர்த்தமில்லை. பென்சிலை அழுத்தி முனையை உடைப்பான், தம்ளரை வைக்காமல் போடுவான். அதற்காக அந்த ஓ.டி. அம்மா வீட்டில் செய்யச் சில வேலைகள் கொடுத்தார்: சுவரைத் தள்ளுவது, சப்பாத்தி மாவு பிசைவது, சின்னக் குடத்தில் தண்ணீர் தூக்குவது. இது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி பலன் தரும் என்று அவர் உறுதி சொல்லவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

பட்டனைக் கடைசியிலிருந்து தொடங்கினோம். பட்டனை ஓட்டையில் பாதி நுழைத்து நான் பிடித்துக்கொள்வேன், இழுப்பது மட்டும் அவன் வேலை. அது பழக மூன்று வாரம். அப்புறம் நுழைப்பதும் அவனே. ஒவ்வொரு தடவையும் "பிடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவன் விரலைத் தொடுவேன். வேண்டாம் என்று தலையாட்டினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஒரு நாள் பட்டன் போடும்போது அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். "குனிஞ்சு பாருடா" என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் என் மாமியார் பூக் கட்டிக்கொண்டிருந்தார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து வந்த மல்லி அரும்பு மடியில், வாழைநார் கையில், கண் டிவி சீரியலில்.

"அத்தை, பார்க்காம எப்படிக் கட்டுறீங்க?"

"பார்த்தா கை நின்னு போகும்டி. வெரலுக்குத் தெரியும்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றிலிருந்து "பாரு" என்று நான் சொல்வதில்லை. இப்போதெல்லாம் சாயங்காலம் அவன் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து, அரும்பை இரண்டு இரண்டாக எடுத்துக் கொடுக்கிறான். முதலில் நசுக்கினான், கை விரலெல்லாம் பச்சையாகும். இப்போது நசுங்குவது குறைந்திருக்கிறது.

தெப்பக்குளம் படிக்கட்டில் இறங்க இன்னும் என் கை வேண்டும். யூனிஃபார்ம் சட்டையில் கழுத்துப் பட்டனைத் தவிர மற்றதெல்லாம் அவனே போடுகிறான், ஏழெட்டு நிமிடம் ஆகும். அதற்காகக் காலையில் கொஞ்சம் முன்னதாக எழுந்துகொள்கிறோம். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போடுகிறான்.