காசிமேட்டு முள்ளும் அரை அம்பும்

பள்ளி மலருக்கு எழுதச் சொன்னதும் எனக்கு நினைவு வந்தது விளையாட்டு விழாவோ ஆண்டு விழாவோ இல்லை. 1986, பிளஸ் ஒன், மாடியில் கடைசி அறை, மதியமானால் ஜன்னல் வழியாகக் கருவாட்டு வாசம் வரும், கப்பல் சங்கு ஊதினால் சார் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார். அந்த அறையில்தான் சகப்பிணைப்பு, அதாவது இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுச் சேர்ந்திருப்பது, எப்படி உடைகிறது என்று படித்தோம்.

சார் போர்டில் ஹைட்ரஜனையும் குளோரினையும் எழுதி நடுவில் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோடு என்ன?" பிணைப்பு என்றோம். "பிணைப்புன்னா?" யாரும் வாய் திறக்கவில்லை. கோட்டை அழித்துவிட்டு அங்கே இரண்டு புள்ளி வைத்தார். "இந்த ரெண்டு எலக்ட்ரான்தான் அந்தக் கோடு. உடையும்போது இது ரெண்டும் யார்கிட்ட போகுது, அதைச் சொல்லு."

ஆளுக்கொரு எலக்ட்ரான் எடுத்துக்கொண்டு பிரிந்தால் சீரான பிளவு, கிடைப்பது துணையில்லாத எலக்ட்ரானோடு நிற்கும் தனி உறுப்புகள். இரண்டையும் ஒரே அணு எடுத்துக்கொண்டால் சீரற்ற பிளவு, கிடைப்பது மின்சுமை உள்ள ஒரு நேர் அயனியும் ஓர் எதிர் அயனியும். எலக்ட்ரான் எங்கே போகிறது என்று காட்ட அம்பு போடுவோம்: இரண்டு எலக்ட்ரான் நகர்ந்தால் முழுத் தலை அம்பு, ஒன்று நகர்ந்தால் பாதித் தலை அம்பு. இந்தப் பாதித் தலைக்கு தூண்டில் முள் அம்பு என்று பெயர் என்றார் சார். உடனே என் பக்கத்தில் இருந்த, மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டிலிருந்து வரும் பையன் சட்டைப்பையிலிருந்து நிஜமான தூண்டில் முள்ளை எடுத்து நீட்டினான். நுனியில் ஒரு பக்கம் மட்டும் பின்னால் திரும்பிய சின்ன முனை. சார் அதை வாங்கி, போர்டில் இருந்த அம்புக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். "ஒரு பக்கம் முனை, ஒரு எலக்ட்ரான். இனி மறக்க மாட்டீங்க." அப்புறம் நான் மறந்ததே இல்லை.

அவனே இன்னொரு கேள்வியும் கேட்டான். நைலான் வலையைப் பூச்சி அரிக்காது, தண்ணீரில் ஊறினாலும் மட்காது, ஆனால் வெயிலில் கிடந்தால் கொஞ்ச நாளில் கையால் இழுத்தாலே அறுகிறது, ஏன் சார்? அன்று நடத்த வேண்டிய பாடத்தை விட்டுவிட்டு அதற்கே மீதி நேரத்தையும் கொடுத்தார். வெயிலில் இருக்கும் புற ஊதா ஒளிக்குப் பிணைப்பைப் பிளக்கப் போதுமான சக்தி உண்டு. பிளந்த இடத்தில் துணையில்லாத எலக்ட்ரானோடு ஒரு தனி உறுப்பு நிற்கும். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் வந்து அதோடு ஒட்டும், அது பக்கத்தில் இருக்கும் ஹைட்ரஜனைப் பிடுங்கும், அங்கே புதிதாக ஒரு தனி உறுப்பு உண்டாகும். இப்படியே ஒன்றிலிருந்து ஒன்றாகப் போய் நீளமான சங்கிலி துண்டு துண்டாகிவிடும். வலையை நிழலில் போடச் சொல்லும் அவன் அப்பா சரியாகத்தான் சொல்கிறார் என்று சார் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சக்தி விஷயத்தில் மட்டும் சார் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டார். பிணைப்பு உடைந்தால் சக்தி வெளியே வரும் என்று இன்றைக்கும் படித்தவர்களே சொல்கிறார்கள், அது தவறு. உடைக்கச் செலவாகும், சேரும்போதுதான் வரவு. ஒரு மோலுக்கு அயோடின் பிணைப்பை உடைக்கச் சுமார் 151 கிலோஜூல், புரோமினுக்கு 193, குளோரினுக்கு 242. ஹைட்ரஜன் குளோரைடுக்கு ஆளுக்கொரு எலக்ட்ரானாகப் பிரிய 431 போதும். அதையே தண்ணீர் இல்லாத வாயு நிலையில் அயனிகளாகப் பிரிக்க அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வேண்டும். பிறகு பீக்கரில் இருக்கும் தண்ணீரில் மட்டும் எப்படி அவ்வளவு சுலபமாக அயனியாகிறது? தண்ணீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்துகொண்டு அந்தச் செலவை ஈடுகட்டுகின்றன. எங்கே உடைகிறது என்பதைப் பார்க்காமல் எப்படி உடையும் என்று சொல்லாதே என்பார்.

இரவில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் எரியும் நெருப்பை நாம் எல்லோரும் மொட்டை மாடியிலிருந்து பார்த்திருக்கிறோம். கச்சா எண்ணெயின் பெரிய மூலக்கூறுகளை வெறும் சூட்டால் பிளந்தால் தனி உறுப்பு வழி, ஜியோலைட் என்ற கனிம வினையூக்கியோடு பிளந்தால் கார்பன் நேர் அயனி வழி. சாரின் இரண்டு அம்புகளும் பெட்ரோல் செய்யும் தொழிலில் இருக்கின்றன என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் புரிந்தது.

இப்போது மெல்போர்னில் பெயின்ட் ஆய்வகத்தில் வேலை. வெயில் பட்டு மாவாக உதிரும் பூச்சை ஆராய்வதும், தனி உறுப்புகளைப் பிடித்து அடக்கும் சேர்மங்களைப் பெயின்டில் கலந்து பார்ப்பதும்தான் 20 வருஷமாக என் பிழைப்பு. காசிமேட்டுக்காரன் கேட்ட அதே கேள்விக்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். போன முறை ஊருக்கு வந்தபோது அவனைப் பார்த்தேன், சொந்தப் படகு, வலை மேல் தார்ப்பாய் மூடியிருந்தது.

சார் வகுப்பில் போட்ட படங்களை அப்படியே வரைந்து வைத்திருந்த என் நோட்டு ஒரு மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது போய்விட்டது. நம் பேட்சில் யாரிடமாவது அந்த வகுப்பில் எழுதிய நோட்டு இன்னும் இருந்தால், அரை அம்பு இருக்கும் பக்கத்தை மட்டுமாவது படம் எடுத்து அனுப்புங்கள்.