பாப்பாவிடம் சொல்ல வேண்டியது

ஜூன் 5, வியாழன்

துணி துவைக்கும்போது பாப்பாவின் உள்ளாடையில் வெள்ளை பட்டிருப்பதைப் பார்த்தேன். முதல் மாதவிடாய்க்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ இருக்கும்போதே இப்படி வரத் தொடங்கும். அண்ணன் மகள் அவள்; 11 வயது. இன்னும் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை.

ஜூன் 6

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

மொட்டை மாடியில் மிளகாயைக் கிளறிவிட்டுக்கொண்டே தொடங்கினேன். வயிற்றுக்குள் கருப்பை என்று ஒரு பை இருக்கிறது, மாதந்தோறும் அதன் உட்சுவர் ஒரு குழந்தைக்காக மெத்தென்று தடித்துக்கொள்கிறது, கரு தங்காதபோது அந்தச் சுவர் ரத்தத்தோடு வெளியே வந்துவிடுகிறது, அது காயமும் இல்லை, கெட்ட ரத்தமும் இல்லை என்று சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “எவ்ளோ ரத்தம் போகும் அத்தை?”

வாயால் சொன்னால் அந்தப் பயம் தீராது என்று தோன்றியது. கீழே போய் இருமல் மருந்தின் 10 மில்லி மூடியையும், பீட்ரூட் வேகவைத்த தண்ணீரையும் எடுத்து வந்து, நான்கு மூடி அளந்து டம்ளரில் ஊற்றினேன். எல்லா நாளுக்கும் சேர்த்து ஏறக்குறைய இவ்வளவுதான் என்றேன். டம்ளரில் கால்வாசிகூட நிறையவில்லை. “இவ்ளோதானா?” என்றாள். அதையே வெள்ளைத் துண்டில் கவிழ்த்தேன். துண்டு பாதிக்குமேல் சிவந்துவிட்டது. துணியில் பார்க்கும்போது நிறையத் தெரியும், பயந்துவிடாதே என்றேன். அவள் வெகுநேரம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 9

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. “வரும்போது தானா தெரிஞ்சிக்கப் போவுது, இப்பவே எதுக்கு?” என்றார்.

1991-இல் எனக்குத் தானாகத்தான் தெரிந்தது. கெடிலம் ஆற்றங்கரையில் வழுக்கி விழுந்ததில் உள்ளே ஏதோ அறுந்துவிட்டது என்று நம்பி, இரண்டு நாள் பாவாடையை வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்தேன். பிறகு பச்சை ஓலையில் குச்சு கட்டி உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிச் சொம்பு. துணியை அலசி, யார் கண்ணிலும் படாதபடி பழைய புடவைக்கு அடியில் உலர்த்தச் சொன்னார்கள். சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும், ஈரம் போகாத துணியைக் கட்டினால் அரிப்பும் புண்ணும் வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தொடை புண்ணாகித்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் இதே அம்மாதான் விடியற்காலையில் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றி, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை குச்சின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பாப்பாவுக்கு நானும் களி கிண்டிக் கொடுப்பேன். தனித் தட்டு இந்த வீட்டில் கிடையாது.

ஜூன் 12, வியாழன்

நீலத் துணியில் சுருக்குப்பை தைத்தேன். இரண்டு நாப்கின், ஒரு உள்ளாடை, மடித்த செய்தித்தாள், சின்ன சோப்பு. ஒட்டும் பக்கம் துணியில், பஞ்சுப் பக்கம் உடம்பில் என்பதை அவளையே இரண்டு முறை செய்து பார்க்கச் சொன்னேன். அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு நாப்கின் இலவசம்தான். இருந்தாலும் முதல் நாளன்று யாரிடமும் போய்க் கேட்டு நிற்கும் நிலை அவளுக்கு வரக்கூடாது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட வேண்டும், கழிவறைக் குழிக்குள் போடவே கூடாது என்று சொன்னேன்.

“பள்ளிக்கூடத்துல கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல அத்தை. ரெண்டு பேரு வெளியில பிடிச்சிக்குவோம்” என்றாள்.

ஜூன் 13

தாழ்ப்பாள் இல்லை. காலையிலிருந்து இதே நினைப்பு.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணனிடம் பேசினேன். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வந்துவிட்டால் அவர்தான் வீட்டில் இருப்பார். முதலில் எழுந்து போகப் பார்த்தார். அண்ணி இருந்தால் உங்களிடம் சொல்லமாட்டேன் என்றதும் உட்கார்ந்துவிட்டார். “வயித்த வலிச்சா என்னா குடுக்கிறது?” என்று கேட்டார். கருப்பை இறுகிச் சுருங்குவதால்தான் அந்த வலி, வெந்நீர் ஒத்தடத்துக்குக் கேட்கும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும், முதல் இரண்டு வருடம் மாதம் தவறி வந்தால் பதற வேண்டியதில்லை என்றேன். பால் கணக்கு எழுதும் நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஜூன் 17

பண்ருட்டியிலிருந்து பாப்பாவின் தாய்மாமன் போன் செய்தார். மஞ்சள் நீராட்டுக்கு மண்டபம் இப்போதே சொல்லி வைக்கவா என்று கேட்கிறார். அன்பாகத்தான் கேட்கிறார்; தங்கையின் குழந்தை, சீர் செய்யும் உரிமை அவருடையது. ஆனால் பாப்பா என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “பேனர் வைப்பாங்களா? எங்க கிளாஸ் பசங்க அந்த வழியாத்தான் வருவாங்க.” அவளைக் கேட்காமல் எதுவும் நடக்காது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை அம்மாவிடமும் அவரிடமும் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அண்ணன் திருப்பாதிரிப்புலியூரில் தாழ்ப்பாளும் திருகாணியும் வாங்கி வந்துவிட்டார். கதவில் பொருத்தப் பள்ளியில் அனுமதி கேட்டிருக்கிறோம். திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னார்கள்.

ஜூன் 23

சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அம்மாவுக்கு இருமல். மருந்து ஊற்றலாம் என்று பார்த்தால் மூடியைக் காணவில்லை. வீடெல்லாம் தேடினேன். பாப்பா பள்ளிக்கு எடுத்துப் போயிருக்கிறாள். அவளுடைய தோழிகள் நான்கு பேர் பார்க்க வேண்டும் என்றார்களாம். பீட்ரூட் தண்ணீரை அவர்களில் ஒருத்தி வீட்டிலிருந்து கொண்டு வருகிறாளாம்.