நுனியில் நழுவும் நூல்

பட்டு நூல் சுற்றிப் பூ செய்கிறேன் என்றால், "வளையல்ல சுத்துவாங்களே, அதுவா?" என்று கேட்கிறார்கள். சுற்று அதே சுற்றுதான். ஆனால் வளையல் எங்கே தொட்டாலும் ஒரே தடிமன். இதழ் அப்படியா? நடுவில் அகலம், இரண்டு முனையிலும் கூர். அந்தக் கூர்தான் ஒரு மாதமாக என் உயிரை வாங்கியது.

ஓர் இதழுக்கு இரண்டு அட்டைத் துண்டுகள் வேண்டும். ஒவ்வொன்றும் அரை இதழ். முதல் துண்டை மெல்லிய கம்பியோடு சேர்த்துப் பிடித்து, நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். துண்டு முடிந்ததும் வெறும் கம்பியில் நாலைந்து சுற்று, அப்புறம் இரண்டாவது துண்டு. அந்த வெறும் கம்பியில் மடித்தால் இரண்டு பாதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். நடுவில் விழுகிற கோடு இதழின் நரம்பு மாதிரியே இருக்கும். முதல் தடவை மடித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, இவ்வளவுதானா என்று. இரண்டு துண்டுக்கும் நடுவே அந்த வெறும் கம்பி இடைவெளியை விடாமல் சுற்றினாலோ, மடிக்கிற இடத்தில் நூல் விலகி அட்டை பல்லை இளிக்கும்.

நான் செய்த முதல் பூ, பூ மாதிரி இல்லை, கயிறு சுற்றிய பொம்மை மாதிரி இருந்தது. முறுக்கைப் பிரிக்காமல் நூலை அப்படியே சுற்றியிருந்தேன். பட்டு இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய முக்கோணமாக இருக்குமாம். அந்தத் தட்டையான பக்கங்களில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதுதான் பளபளப்பு. முறுக்கேறினால் இழைகள் ஆளுக்கொரு திசையில் திரும்பிக்கொள்கின்றன, மினுக்கு சிதறிப்போகிறது. இப்போது கை நீளத்துக்கு வெட்டி, முறுக்கை அவிழ்த்து, இழைகளைத் தட்டையாகப் படியவிட்டுச் சுற்றுகிறேன். நூல் சுற்றியதே தெரியவில்லை, இதழுக்குத் தோல் போர்த்தியது போல இருக்கிறது.

சரி, அந்தக் கூர் முனைக்கு வருகிறேன். நுனியிலிருந்து நடுவுக்கு ஏறும்போது பிரச்சினையே இல்லை. நூல் சறுக்கினாலும் முந்தின சுற்றின் மேல் சாய்ந்து நின்றுகொள்ளும். நடுவிலிருந்து இறங்கும்போதுதான் வம்பு: ஒவ்வொரு சுற்றும் மெலிந்த பக்கமாக நழுவி ஓடும், பின்னால் வெள்ளை அட்டை தெரியும். இழுத்துக் கட்டினால் இன்னும் வேகமாக ஓடும். கடைசியில், இறங்கும் பாதியில் மட்டும் குச்சி முனையால் துளி பசையைத் தடவி, அது கொஞ்சம் பிசுபிசுக்கும் வரை காத்திருந்து சுற்றினேன். நின்றது. ஈரமாக இருக்கும்போதே சுற்றினால் பசை நூலில் ஊறிக் கறையாகிவிடும். ஓர் இளஞ்சிவப்பு இதழ் அப்படித்தான் போனது.

இன்னொரு எதிரி என் விரல்களேதான். பாத்திரம் தேய்த்த கையோடு உட்கார்ந்தால், விரல் நுனியின் சொரசொரப்பில் இழை மாட்டிப் பிசிறு கிளம்பும். எண்ணெய் தடவலாம் என்றால் அதுவும் நூலில் ஏறிவிடும். இரவே தடவி, காலையில் கழுவிவிட்டு உட்காருகிறேன்.

நாலு இதழ் முடிந்திருக்கிறது, ஒன்று பாக்கி. அது முடிகிற வரை பாத்திரம் என் வேலை இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். "அப்படின்னா நிறைய இதழ் இருக்கிற பூவா அடுத்தது?" என்கிறாள் மகள்.